குண்டுமணிப் போத்தல்

கோப்பாயில் வாடைக்காற்று தணிந்து வெங்காயம் கிண்டி எடுக்கத் தொடங்கியிருந்த அந்த நாட்களில், மிரியம் வீட்டு விறாந்தையில் கால் வைக்க இடமிருக்காது. வெட்டிய குழாய்த் துண்டுகள், பால்மா ரின்கள், தேய்ந்துபோன றப்பர் செருப்புகள், சோடாப் போத்தல்கள், கயிற்றுப் பந்து, பழைய சீத்தைத் துணி எல்லாம் பரந்து கிடக்கும். கணவன் றொபின் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பூட்டுகிறவன். வேலை முடிந்து வரும்போது மிச்சத் துண்டுகளை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவான். மிரியம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, நீளம் பார்த்து, அறுக்க வேண்டிய இடத்தில் கரியால் கோடு போடுவாள்.

எல்லாம் மகன் ஐசாக்குக்காக. மாதம் நிரம்ப முன்னமே பிறந்த பிள்ளை. இரண்டு வயதாகியும் நிற்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடி வேண்டியதைக் கையால் காட்டுவான். காட்டியதெல்லாம் கைக்கு வந்துவிடும். கனடாவிலிருந்து றொபினின் தமையன் அனுப்பிய பாட்டுப் பெட்டியை மடியில் வைத்து அழுத்தி அழுத்தி, அதில் எரிந்து எரிந்து அணையும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பான். கிளினிக்கில் பயிற்சி கொடுக்கிற பெண்தான் மிரியத்துக்குச் சொன்னாள்.

"உந்தப் பெட்டியைத் தூக்கி வையுங்கோ அம்மா. அது ஆடுது, பிள்ளை சும்மா இருக்கிறான். பிள்ளையை எழுப்பிற சாமான் குடுக்க வேணும். தள்ளிறது, இழுக்கிறது, உருட்டிறது. கடையிலை தேடாதேங்கோ. வீட்டிலை கிடக்கிறதை வைச்சுச் செய்யலாம்."

மிரியம் கலியாணத்துக்கு முன் தேவாலயத்து முன்பள்ளியில் படிப்பித்தவள். கத்தரிக்கோலும் பசையும் அவள் கைக்குப் புதிதல்ல. பால்மா ரின்னுக்குள் கூழாங்கல்லைப் போட்டு மூடி, கயிறு கோத்து உருட்ட விட்டாள். கல் குலுங்கும் சத்தத்துக்கு ஐசாக் தவழ்ந்து துரத்தினான். உரப் பையில் தென்னந்தும்பு அடைத்து ஏறி விழ ஒரு மேடு செய்தாள். பெரிய அட்டைப் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் வெட்டி, புகுந்து போக வழி விட்டாள். கடைசியாகத் தள்ளுவண்டி. றொபின் குழாயை வளைத்துப் பூட்டிக் கொடுத்தான். செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லுப் போட்டாள். பிள்ளை பிடித்தவுடன் வண்டி ஓடிவிடாமல் முன்னால் ஒரு ரின் மண்ணை வைத்துப் பாரமாக்கினாள். மூட்டுகளையெல்லாம் துணியால் சுற்றித் தைத்தாள். ஐசாக்கின் கை படும் எதையும் அவள் தன் கன்னத்தில் ஒரு முறை தேய்த்துப் பார்க்காமல் விடுவதில்லை.

பக்கத்து வளவு சாருஜா வேலிப் பொட்டால் வந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டு வளவுக்கும் நடுவில் பூவரசு வேலி. அதில் ஒருவர் குனிந்து வரக்கூடிய பொட்டு. சாருஜாவின் மகன் லக்ஷன் ஐசாக்கைவிட மூன்று மாதம் இளையவன். ஆனால் ஓடுவான். ரின்னைக் காலால் உதைப்பான், மேட்டில் ஏறிக் குதிப்பான், அட்டைப் பெட்டிக்குள்ளால் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்து கைதட்டுவான். மிரியம் சிரிப்பாள். உள்ளே எங்கோ ஒரு முள் குத்தும். ஐசாக்குக்காகச் செய்த ஒவ்வொன்றையும் முதலில் விளையாடி முடிப்பது லக்ஷன்தான் என்று தோன்றும். அப்படி நினைத்ததற்காக அவனைத் தூக்கிக் கொஞ்சுவாள்.

ஒரு நாள் வேலியில் குண்டுமணிக் கொடி காய் வெடித்துக் கிடந்தது. சிவப்பும் கறுப்புமாக மினுங்கிய மணிகளை மிரியம் சட்டியில் பொறுக்கி வந்தாள். ஒரு சின்னச் சோடாப் போத்தலைக் கழுவிக் காயவைத்து, அரைவாசிக்கு மணியைப் போட்டு மூடியை முறுக்கினாள். நல்ல சத்தம். பயறு போட்டால் வராத, மழை போன்ற சத்தம். ஐசாக் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான்.

பின்னேரம் றொபின் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கண்டான்.

"இஞ்சை, உதுக்குள்ளை என்ன போட்டிருக்கிறாய்?"

"குண்டுமணி. வடிவா இருக்கெல்லே?"

"விசரே உனக்கு? உது நஞ்செல்லோ. சண்டிலிப்பாயிலை மாமா வீட்டிலை கண்டுக்குட்டி ஒண்டு திண்டு செத்துப் போச்சு. பறி முதல்லை."

அவள் பறித்தாள். ஐசாக் அழுதான். மிரியம் அதே அளவுப் போத்தல் ஒன்றில் பயறு போட்டு, மூடியைச் சுற்றி றொபினின் குழாய்ப் பசையைப் பூசி, மேலே துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். குண்டுமணிப் போத்தலை அடுப்புக்கு மேலே குசினித் தட்டில் வைத்தாள். எறியத்தான் நினைத்தாள். அவ்வளவு மணியும் பொறுக்கிய பாடு. வீட்டுக்குள் எங்காவது அலங்காரத்துக்கு வைக்கலாம் என்று ஒரு எண்ணம். பிறகு அதை மறந்துபோனாள்.

நடராசாவின் தோட்டத்தில் வெங்காயம் கிண்டத் தொடங்கிய அன்று காலை சாருஜா லக்ஷனை இடுப்பில் வைத்துக்கொண்டு பொட்டால் வந்தாள். நடராசா அவளுடைய மாமனார்.

"அக்கா, இவனை ஒருக்கா வைச்சிருக்கிறியளோ? கூலி ஆளுகள் வந்திட்டினம். நானும் இறங்காட்டி மாமா வெய்யிலுக்கை கிடந்து முறிவார்."

"விட்டிட்டுப் போவன். இதென்ன கேள்வி."

"பாணும் வாழைப்பழமும் திண்டவன். தண்ணி மட்டும் குடுங்கோ. குழப்படி செய்தா ரெண்டு போடுங்கோ."

அன்றைக்கு ஐசாக் வேறு பிள்ளையாக இருந்தான். வண்டியின் பிடியைப் பற்றித் தானாக எழும்பினான். முழங்கால் நடுங்கியது; ஆனால் இருக்கவில்லை. மிரியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அந்த நேரம் பார்த்து லக்ஷன் ஓடி வந்து வண்டியை இழுத்தான். ஐசாக் குப்புற விழுந்தான். அவள் லக்ஷனை விலக்கி, ஐசாக்கைத் தேற்றி மறுபடி நிறுத்தினாள். லக்ஷன் மறுபடி இழுத்தான். ஐசாக் மறுபடி விழுந்தான். ரின்னை உருட்டிக் காட்டினாள், லக்ஷன் பார்க்கவில்லை. பயற்றுப் போத்தலைக் கொடுத்தாள், எறிந்தான். வண்டிதான் வேண்டுமென்று நிலத்தில் கிடந்து குளறினான்.

மிரியத்துக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. குசினிக்குள் போனாள். தட்டின் மேலே கை வைத்தாள். புரி தேய்ந்த மூடியை இன்னொரு தரம் இறுக்கி முறுக்கினாள். றொபின் சொன்னது அப்போது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. கொஞ்ச நேரந்தானே, நான் பக்கத்திலைதானே என்று அதற்கு மேலால் இன்னொரு நினைவைப் போட்டு மூடினாள்.

லக்ஷன் போத்தலைக் கண்டவுடன் அழுகையை நிறுத்தினான். குலுக்கிப் பார்த்துச் சிரித்தான். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அட்டைப் பெட்டிக்குள் புகுந்தான்.

ஐசாக் எழும்பினான். வண்டியைத் தள்ளினான். ஒரு கால், பிறகு மற்றக் கால். மிரியம் போனை எடுத்து வீடியோப் பிடித்தாள். "வா ராசா, வா, வா" என்று பின்னுக்குப் போய்க்கொண்டே கூப்பிட்டாள். அவன் விறாந்தையின் ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு வந்து சுவரில் முட்டி, திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவள் அவனை அள்ளி முகமெல்லாம் கொஞ்சினாள். வீடியோவை றொபினுக்கு அனுப்பினாள். அழுதாள். அதற்குப் பிறகுதான் அட்டைப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

மூடி தனியாகக் கிடந்தது. மணிகள் சிவப்பாகச் சிதறிக் கிடந்தன. லக்ஷனின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

அவனை வெளியே இழுத்து வாய்க்குள் விரலை விட்டாள். ஒரு முழு மணி வந்தது. பிறகு ஒரு சிவப்புத் தோல் துண்டு. பிறகு ஒன்றுமில்லை. வாயைக் கழுவினாள், தண்ணீர் பருக்கினாள். லக்ஷன் சிரித்தான். நிலத்திலிருந்த மணிகளைக் கூட்டி அள்ளிப் போத்தலில் போட்டு, குறைகிறதா என்று பார்த்தாள். முதலில் எவ்வளவு இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மலகூடத்துப் பின்பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தாள். கர்த்தரே, விழுங்கியிருக்கக் கூடாது, துப்பியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மண்ணை மிதித்தாள்.

மத்தியானம் சாருஜா வந்தாள். கைகால் முழுக்கச் செம்மண். கையில் பச்சைத் தாளோடு ஒரு பிடி வெங்காயம்.

"அக்கா, ஐசாக் நடந்தவனாம்! றொபின் அண்ணை வீடியோவை லக்ஷன்ரை அப்பாவுக்கு அனுப்பினவராம், தோட்டம் முழுக்கக் காட்டித் திரியிறார். எங்கை என்ரை குஞ்சு?" மண் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஐசாக்கைத் தூக்கி உச்சியில் கொஞ்சினாள். "பாத்தியளே, நான் அப்பவே சொன்னனான். இனி இவன் லக்ஷனைக் கலைப்பான்."

மிரியம் வாயைத் திறந்தாள். "சாருஜா…"

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை. வெங்காயம் நல்ல விளைச்சல் போல."

லக்ஷன் தாயின் தோளில் சாய்ந்து கையசைத்தபடி பொட்டுக்குள்ளால் போனான். மிரியம் வெங்காயத்தைக் குசினியில் வைத்துவிட்டு, சோறு போட்ட கோப்பையை மூடினாள்.

றொபின் வழமையைவிட முந்தியே வந்தான். பேக்கரியில் கேக் வாங்கி வந்திருந்தான். விறாந்தைத் திண்ணையில் இருந்தபடி வீடியோவைத் திரும்பவும் போட்டான். "சத்தத்தைக் கூட்டிப் போட்டுப் பாப்பம்" என்றான். மிரியத்தின் குரல் வந்தது: வா ராசா, வா. ஐசாக்கின் செருப்புச் சில்லு உரசும் சத்தம். அதற்குப் பின்னால், மெல்ல, மழைபோலக் குலுங்குகிற சத்தம். ஐசாக் பாதி வழி வருமுன் அது நின்றுபோனது. பிறகு மணிகள் சிந்துகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை, அவள் கூப்பிடுகிற குரல் மட்டும்.

மிரியம் போனை வாங்கி நிறுத்திவிட்டு நிலத்தில் குந்தினாள்.

"என்ன? என்னப்பா?"

"நான் லக்ஷனுக்கு அந்தப் போத்தலைக் குடுத்திட்டன். மூடியைக் கழட்டிப்போட்டான். வாய்க்கை போட்டவன். ஒண்டைக் கடிச்சவன்."

"எப்ப?"

"காலமை."

றொபின் எழும்பி நின்றான். "சாருஜாவுக்குச் சொன்னனியோ?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"எழும்பு. எழும்பிப் போ. நான் ஓட்டோ கொண்டு வாறன்."

மிரியம் பொட்டால் குனிந்து போனபோது லக்ஷன் பாயில் சுருண்டு கிடந்தான். சாருஜா அவன் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வயித்தைப் பிரட்டி ரெண்டு தரம் சத்தி எடுத்தவன் அக்கா. வெய்யில் பட்டிட்டுது போல…"

"வெய்யில் இல்லை சாருஜா. குண்டுமணி. என்ரை வீட்டிலை. எழும்பு, பெரியாஸ்பத்திரிக்குப் போவம். கெதியா."

சாருஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவள் கத்தவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு வெறுங்காலோடு ஒழுங்கைக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டாள். எந்த நேரம், எத்தனை, கடித்தானா, முழுசாக விழுங்கினானா. மிரியம் தெரிந்ததைச் சொன்னாள்.

"காலமை நடந்ததுக்கு இப்பவோ கொண்டு வாறியள்?"

சாருஜா திரும்பிப் பார்த்தாள்.

"பயந்திட்டன்," என்றாள் மிரியம்.

"முழுசா விழுங்கினது பெரும்பாலும் அப்பிடியே வெளியாலை போயிடும். கடிச்சதுதான் பிரச்சினை. இப்ப ஒண்டும் சொல்லேலாது. வைச்சுப் பாக்க வேணும்."

பிள்ளைக்கு மூக்கால் குழாய் விட்டுக் கரி கரைத்த தண்ணீர் ஊற்றினார்கள். சின்னக் கையில் நரம்பு தேடிச் சேலைன் ஏற்றினார்கள். நஞ்சு விடயம் என்பதால் ஆஸ்பத்திரிப் பொலிசுக்காரர் வந்து விசாரித்தார். மிரியம் வாய் திறக்குமுன் சாருஜா சொன்னாள்:

"எங்கடை பக்கத்து வீட்டு அக்கா. தன்ரை பிள்ளைக்குச் செய்த விளையாட்டுச் சாமான். அது நஞ்செண்டு அவவுக்குத் தெரியாது. தெரிஞ்சா குடுப்பாவோ?"

பொலிசுக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். மிரியம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் லக்ஷனுக்கு வயிற்றால் இரத்தமாகப் போனது. கண் உள்ளே போய், உதடு வெடித்து, தண்ணீர் கேட்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். வாட்டுக்குள் தாயை மட்டும் விட்டார்கள். மிரியம் காலையும் மாலையும் சுடுதண்ணீர்ப் போத்தலும் கஞ்சியும் கொண்டுபோய் வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். ஐசாக்கை றொபின் வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டான். வீட்டுக்கு வந்தால் ஐசாக் வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வருவான். சபையார் வந்து பார்த்து, ஜெபம் கேட்கப்பட்டது என்று மகிழ்ந்தார்கள். அவளால் பிள்ளையின் கால்களைப் பார்க்க முடியவில்லை.

நடராசா தோட்டத்து வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, அவளுக்குப் பக்கத்தில் இருப்பார். மெலிந்த, அதிகம் கதைக்காத மனிதர்.

"அழாதை மோளை," என்றார் ஒருநாள். "நீ தெரிஞ்சோ செய்தனி? குண்டுமணியைப் பாத்தா ஆருக்குத்தான் ஆசை வராது. என்ரை பேரன் தப்புவான். நீ போய் ஒரு வாய் தேத்தண்ணி குடி."

அவள் எழும்பிப் போய்ப் படிக்கட்டில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

லக்ஷன் தப்பினான். முழு மணிகள் சில வெளியே வந்தன. இரத்தம் நின்றது. கண் விழித்துக் கஞ்சி கேட்டான். ஈரலைப் பார்க்க இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். சாருஜா ஓட்டோவிலிருந்து இறங்கும்போது மிரியத்தின் கையைப் பிடித்து, "நீங்களும் நல்லா மெலிஞ்சு போனியள் அக்கா," என்றாள்.

அன்று பின்னேரம் மிரியம் றொபினிடம் சொன்னாள்: "நான் போய்ச் சொல்லப்போறன்."

"என்னத்தை?"

"எனக்குத் தெரியும் எண்டதை. நீங்கள் சொன்னதை. எங்கடை பிள்ளையிட்டைப் பறிச்சுப்போட்டு அவளின்ரை பிள்ளைக்குக் குடுத்ததை."

றொபின் குழாய் அறுத்துக்கொண்டிருந்த வாளைக் கீழே வைத்தான். "பிள்ளை தப்பிட்டுது. இனி அதைச் சொல்லி என்ன வரப்போகுது? அந்தச் சனம் உன்னிலை ஒரு மனவருத்தமும் வைக்கேல்லை. நீயா ஏன் போய்க் கிளறுறாய்?"

"அதுதான் என்னாலை ஏலாமக் கிடக்கு. அவள் பொலிசுக்குச் சொன்னவள், தெரிஞ்சா குடுப்பாவோ எண்டு. நான் பக்கத்திலை நிண்டனான்."

"உன்ரை பாரத்தை இறக்கிறதுக்கு அவளின்ரை தலையிலை வைக்கப்போறியோ?"

அவன் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் போனாள்.

சாருஜா கிணற்றடியில் பிள்ளையின் துணி அலசிக்கொண்டிருந்தாள். மிரியம் நின்றபடியே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. வண்டியை லக்ஷன் இழுத்ததையும், தனக்கு எரிச்சல் வந்ததையும், தட்டில் கை வைத்தபோது றொபின் சொன்னது நினைவில் வந்ததையும் சொன்னாள்.

சாருஜா துணியைப் பிழிந்தாள். பிழிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஐசாக்கின்ரை கையிலை இருந்து பறிச்சனீங்களோ?"

"ஓம்."

"நஞ்செண்டு?"

"ஓம்."

"அவனுக்குப் பசை பூசித் தைச்சுக் குடுத்தனீங்கள். நான் பாத்தனான். எவ்வளவு வடிவாத் தைச்சிருக்கிறா எண்டு நினைச்சனான்." பிழிந்த துணியை வாளிக்குள் எறிந்தாள். "என்ரை பிள்ளை உங்களுக்கு இடைஞ்சலா இருந்தவன் எண்டா, அக்கா, கூப்பிட்டுத் தந்திருக்கலாமே. ஒரு கூக்குரல் போட்டிருந்தா வந்திருப்பனே. தோட்டம் உதிலைதானே."

"சாருஜா…"

"போங்கோ. இப்ப போங்கோ."

அடுத்த நாள் சாருஜாவின் கணவன் சுபாங்கன் இரண்டு கதியால் தடிகளை நட்டுத் தென்னோலைக் கிடுகு வைத்துப் பொட்டை அடைத்தான். மிரியம் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நடராசா ஒழுங்கையில் கண்டால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். நான் அப்பவே சொன்னனான் என்று றொபின் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

பங்குனி வெய்யில் தொடங்கியது. ஐசாக் வண்டியில்லாமலே நடந்தான், ஓடினான். மிரியம் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. குழாய்த் துண்டுகளை றொபின் சாக்கில் கட்டிக் கொட்டிலில் போட்டான்.

ஒரு பின்னேரம் வாசல் படலையின் தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. அயலார் யாரும் அந்த வீட்டுப் படலையைத் தட்டுவதில்லை. மிரியம் வந்து பார்த்தாள். சாருஜா, இடுப்பில் லக்ஷனோடு.

"உங்கடை ஐசாக் ரின் உருட்டிற சத்தம் கேட்டா இவன் வேலியடியிலை நிண்டு குளறுறான்," என்றாள். "கிடுகைப் பிச்சு எடுத்துப்போட்டான். அதுதான் வந்தனான். உங்களுக்காக வரேல்லை."

"வா, உள்ளுக்கு வா."

"நான் விட்டிட்டுப் போகமாட்டன். இருந்து பாப்பன்."

"இரு. இரு சாருஜா."

சாருஜா விறாந்தைத் திண்ணையில் இருந்தாள். லக்ஷனை மடியை விட்டு இறக்கவில்லை. மிரியம் கேட்காமலே ஒவ்வொரு சாமானாக அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாருஜா ரின் மூடியை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். வண்டியின் சில்லுகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். பயற்றுப் போத்தலின் தையலைப் பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு நீளமென்று சொன்னாள். மிரியம் கத்தரிக்கோல் எடுத்து வந்து வெட்டினாள். ஒரு சில்லு சற்று ஆடியது. சாருஜா அந்த வண்டியைத் தன் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். மிரியம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் ரின் ஒன்றை மட்டும் நிலத்தில் வைத்துவிட்டு, சாருஜா மகனை இறக்கிவிட்டாள்.

பிள்ளைகள் இரண்டும் முற்றத்தில் ரின்னைத் துரத்தின. ஐசாக் முந்தினான். லக்ஷன் பின்னால் ஓடி, கொஞ்சத் தூரத்தில் இளைத்து நின்றான். சுற்றிப் பார்த்தான். கிட்டே நின்றவள் மிரியம்தான். அவளிடம் வந்து சீலையைப் பிடித்துக்கொண்டு, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினான்.

மிரியம் அசையவில்லை. சாருஜாவின் முகத்தைப் பார்த்தாள். லக்ஷன் சிணுங்கத் தொடங்கினான். கை நீட்டியபடியே நின்றான்.

சாருஜா முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"தூக்குங்கோ. அழுறான்."

மிரியம் குனிந்து தூக்கினாள். வழக்கமான பாரத்துக்குக் கையைக் கொடுத்துத் தூக்கியவளுக்குப் பிள்ளை சட்டென்று மேலே வந்துவிட்டான். அவ்வளவு இலேசாகப் போயிருந்தான்.